அப்லேஷன் செய்துகொண்டால் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சின்னக் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறீர்கள். அம்மாவுக்கு வயது 68, எடை 54 கிலோ, சர்க்கரையும் பிரஷரும் பல வருடங்களாக உண்டு. மூன்று மாதத்துக்கு முன்னால் படபடப்பும் மூச்சிரைப்புமாக இருந்ததால் சேலத்துக்குக் கூட்டி வந்து இசிஜி எடுத்தீர்கள், இதயத் துடிப்பு தாளம் தப்பும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொன்னார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அபிக்சபான் 5 மில்லிகிராம் காலையும் இரவும், நாடியின் வேகத்தைக் குறைக்க மெட்டோபுரோலால் ஒன்று என்று ஓடுகிறது. இப்போது படபடப்பு இல்லை. சித்தப்பா, "அந்த அபிக்சபான் மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் கொட்டும், ஆஸ்பிரின் போதும்" என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் மீன் எண்ணெய் மாத்திரையும் மெக்னீசியமும் அனுப்பியிருக்கிறார். கோவையில் பார்த்த டாக்டர், ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டுத் துடிப்பைச் சரிசெய்யும் அப்லேஷன் பற்றிப் பேசினார். நீங்கள் நாலு விஷயம் கேட்டிருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே கேள்விதான்: எதையாவது செய்து இந்த மாத்திரையிலிருந்து அம்மாவை விடுவிக்க முடியுமா?

நான் பொது மருத்துவர். சேலத்தில் பல வருடங்களாக இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்து வருகிறேன், மலையிலிருந்து இறங்கி வருபவர்களும் அதில் நிறைய. அப்லேஷனை நான் செய்வதில்லை. அது இதயத் துடிப்புக் கோளாறுகளுக்கென்று தனியாகப் படித்தவர்களின் வேலை. செய்துகொண்டு வருபவர்களைப் பின்னால் பார்த்துக்கொள்வது என் பங்கு. அம்மாவை நேரில் பார்க்காமல் எந்த மாத்திரையையும் மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் எதை எதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியும்.

இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்குவதை விட்டுவிட்டு, நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்துடிப்புகளோடு வெறுமனே நடுங்கிக்கொண்டிருப்பதுதான் இந்த நோய். மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் இருக்கும் ஏவி நோட் என்ற கணு அதில் ஒரு பங்கை மட்டும் கீழே விடுகிறது. அதனால் நாடி 120, 140 என்று தாளம் தப்பி ஓடுகிறது. இதிலிருந்து இரண்டு தொல்லைகள் கிளம்புகின்றன. முதலாவது, நோயாளிக்கே தெரிவது: படபடப்பு, மூச்சு வாங்குதல், மேடு ஏறினால் அசதி. நாடியை இப்படியே வேகமாக ஓடவிட்டால் நாளடைவில் இதயத்தின் தசையே பலவீனமாகும். இரண்டாவது, வெளியே தெரியாதது. இடது மேல் அறையில் விரல் நுனி மாதிரி ஒரு சிறு பை துருத்திக்கொண்டிருக்கும். அறை சுருங்காதபோது அந்தப் பைக்குள் ரத்தம் தேங்குகிறது. ஓடாத தண்ணீரில் பாசி பிடிப்பது போல அங்கே ரத்தம் உறைகிறது. அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்பது பல பத்தாண்டுகளாக உறுதிப்பட்ட கணக்கு. இப்படி வரும் பக்கவாதம் பெரும்பாலும் பெரியதாகவே வருகிறது என்பதும் உண்மை.

இந்த இரண்டுக்கும் வைத்தியம் தனித்தனி. மெட்டோபுரோலால் முதலாவதைப் பார்க்கிறது, அபிக்சபான் இரண்டாவதைப் பார்க்கிறது. அம்மாவுக்குப் படபடப்பு நின்றது மெட்டோபுரோலாலின் வேலை, அல்லது துடிப்பு தானாகவே சரியான தாளத்துக்குத் திரும்பியிருக்கலாம். அபிக்சபான் வேலை செய்கிறதா என்பதை உடம்பு எந்த விதத்திலும் காட்டாது. அதனால்தான் "நன்றாகத்தானே இருக்கிறார், இனி எதற்கு" என்று வீட்டில் முதலில் கை வைப்பது இந்த மாத்திரையில். பக்கவாதத்தோடு கொண்டுவரப்பட்டவர்களின் பழைய சீட்டை வாங்கிப் பார்க்கும்போது, இந்த மாத்திரை எழுதியிருந்து, நடுவில் தாங்களாகவே விட்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அம்மாவின் நாடியைப் பார்க்க நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டின் உள்பக்க ஓரத்தில், எலும்புக்கும் தசைநாணுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் உங்கள் மூன்று விரல் நுனிகளை வையுங்கள். கட்டைவிரலால் பார்த்தால் உங்கள் நாடியே உங்களுக்குத் தட்டும். அழுத்தாமல் கொஞ்ச நேரம் இருங்கள். தாளம் சரியாக இருந்தால் அடுத்த துடிப்பு எப்போது வரும் என்று விரலுக்கு முன்கூட்டியே தெரியும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் அது தெரியவே தெரியாது. இரண்டு அடுத்தடுத்து வரும், ஒன்று தாமதிக்கும், ஒன்று பலமாக அடிக்கும், அடுத்தது விரலுக்கு எட்டியும் எட்டாமலும் போகும். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கும் வழக்கம் இங்கே உதவாது. முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். வீட்டு பிரஷர் மெஷின் காட்டும் எண்ணும் இந்த நிலையில் முன்னே பின்னே இருக்கும், மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். உட்கார்ந்து ஓய்வாக இருக்கும்போது நாடி 110-க்குள் இருந்து, தொந்தரவும் இல்லை என்றால் பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். 2010-ல் நெதர்லாந்தில் நடந்த ஒரு ஆய்வில், கஷ்டப்பட்டு 80-க்குக் கீழே கொண்டுவந்தவர்களுக்கு அதைவிட நல்ல பலன் கிடைக்கவில்லை. அதே சமயம் 50-க்குக் கீழே இறங்கினாலோ, தலை சுற்றி விழப் பார்த்தாலோ, டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சரி, மாத்திரை அம்மாவுக்குத் தேவையா என்பதற்கு வருவோம். இதற்கு டாக்டர்கள் ஒரு மதிப்பெண் போடுகிறோம். பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, 65 முதல் 74 வயதுக்குள் இருப்பதற்கு ஒன்று. இதய பலவீனம் இருந்தால் ஒன்று, மாரடைப்பு மாதிரி ரத்தக்குழாய் நோய் இருந்தால் ஒன்று, 75 வயதைத் தாண்டினால் இரண்டு, முன்னால் பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு. பெண் என்பதற்கும் ஒன்று கூட்டி வந்தார்கள், 2024-ல் ஐரோப்பிய வழிகாட்டி அதை எடுத்துவிட்டது. எப்படிக் கூட்டினாலும் அம்மாவுக்கு மூன்று அல்லது நாலு. இரண்டு வந்தாலே மாத்திரை வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடு கிடையாது. இதில் கவனிக்க வேண்டியது, படபடப்பு எத்தனை முறை வருகிறது என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. எப்போதாவது வந்து போகிறவர்களுக்கும் இதே மதிப்பெண்தான்.

சித்தப்பா சொல்லும் ஆஸ்பிரின், ஒரு காலத்தில் டாக்டர்களே கொடுத்ததுதான். ஆனால் ஆஸ்பிரின் தட்டணுக்களைத் தடுக்கும் மருந்து. மாரடைப்பு வந்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் அது உயிர் காக்கும். தேங்கிய ரத்தத்தில் உருவாகும் கட்டிக்கு அது போதாது. பழைய உறைவுத் தடுப்பு மருந்தான வார்ஃபரின் இந்தப் பக்கவாதத்தை மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது, ஆஸ்பிரின் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் பெரிது. 2011-ல் அபிக்சபானையும் ஆஸ்பிரினையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வை, அபிக்சபான் பக்கம் பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் பாதியிலேயே முடித்துவிட்டார்கள். அதில் பெரிய ரத்தக்கசிவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. "ஆஸ்பிரின் சாது, அபிக்சபான் முரடு" என்ற எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை. ஆஸ்பிரினில் ஆபத்து அதே அளவு, பாதுகாப்பு மட்டும் குறைவு. அதே வருடம் 18,000 பேரை வைத்து வார்ஃபரினோடு ஒப்பிட்ட இன்னொரு ஆய்விலும் அபிக்சபானில் பக்கவாதமும் பெரிய ரத்தக்கசிவும் இரண்டுமே குறைவு, மூளைக்குள் ரத்தம் கசிவது பாதிக்கும் கீழ்.

ரத்தம் கசியும் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். பல் விளக்கும்போது ஈறில் கசியும், மூக்கில் வரும், இடித்துக்கொண்ட இடம் நீலமாகக் கன்றிப்போகும். இவை பயமுறுத்தும், ஆனால் ஆபத்து குறைவு. கறுப்பாகத் தார் மாதிரி மலம் போனால், சிறுநீர் சிவந்தால், தலையில் அடிபட்டால் காத்திருக்கக் கூடாது. தோட்டத்தில் கவாத்துக் கத்தி பட்டால் சுத்தமான துணியை வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள், நிற்கும். வயதானவர், வழுக்கி விழுவார் என்ற கவலையில் மாத்திரையைத் தவிர்ப்பவர்கள் உண்டு. இதற்கு 1999-ல் ஒரு கணக்குப் போட்டார்கள்: வார்ஃபரினால் வரும் நன்மையை மூளைக்குள் ரத்தக்கசிவு என்ற தீமை தாண்ட வேண்டுமானால், ஒருவர் வருடத்துக்கு ஏறக்குறைய 295 முறை விழ வேண்டும். அது காகிதத்தில் போட்ட கணக்குதான், என்றாலும் எந்தப் பக்கம் எடை அதிகம் என்பதைக் காட்டுகிறது. நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு: மூட்டுவலிக்குக் கடையில் சொல்லி வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள். இவை அபிக்சபானோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும், சர்க்கரை உள்ளவர்களின் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

அளவைப் பற்றி ஒரு விஷயம். பயத்தில் 5 மில்லிகிராமை 2.5 ஆக்குவது இங்கே சகஜம். அபிக்சபானின் அளவைக் குறைக்க மூன்று காரணங்களில் இரண்டு இருக்க வேண்டும்: வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல். அம்மாவுக்கு எடை மட்டும் பொருந்துகிறது. கிரியாட்டினின் 1.5-ஐத் தொட்டால் கணக்கு மாறும், அது வரை முழு அளவுதான். சர்க்கரை இருப்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கிரியாட்டினின் பார்த்துவிடுங்கள். இந்த மருந்தின் பலம் அரை நாளில் பாதியாகிவிடும், ஆகவே ஒரு வேளை தவறினாலும் இடைவெளி விழுகிறது. மறந்தால் நினைவு வந்ததும் போடலாம், இரண்டை ஒன்றாகப் போடக் கூடாது. பல் பிடுங்க வேண்டியிருந்தால், கண்புரை அறுவை என்றால், நீங்களாக நிறுத்தாமல் கேளுங்கள். பல சின்னச் சிகிச்சைகளுக்கு நிறுத்தவே தேவையில்லை. இப்போது இந்த மருந்தைப் பல இந்திய கம்பெனிகள் தயாரிப்பதால் விலை கடைக்குக் கடை நிறைய வித்தியாசப்படுகிறது. மூலப்பெயரைச் சொல்லி நாலு இடத்தில் விசாரிப்பதில் தப்பில்லை. மலையில் இருப்பதால் இன்னொன்று: எப்போதும் பத்துப் பதினைந்து நாளுக்குக் கையிருப்பு வையுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்த மாதிரி மறுபடி நடந்தால், மாத்திரை வாங்க அடிவாரம் இறங்க முடியாது.

நான் மேலே சொன்னதெல்லாம் ஒரு நிபந்தனையோடு. இதயத்தின் அறைகளையும் வால்வுகளையும் காட்டும் எக்கோ ஸ்கேன் எடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கும் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் இந்தப் புது மாத்திரைகள் பொருந்தாது, வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் வகைதான் தர வேண்டும். வால்வு சுருங்கியவர்களிடம், அபிக்சபானின் இனத்தைச் சேர்ந்த ரிவராக்சபானை வைத்துப் பார்த்த 2022 ஆய்வில், இந்தியர்களும் சேர்ந்திருந்தார்கள், பழைய வகை மருந்தில் இருந்தவர்களே அதிகம் பிழைத்தார்கள். ஆகவே எக்கோ இல்லாமல் இந்த வைத்தியம் முழுமை ஆகாது. தைராய்டு பரிசோதனையும் அப்படித்தான். தைராய்டு அதிகமாகச் சுரப்பதால் இந்தத் துடிப்புக் கோளாறு வந்திருந்தால் முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

இப்போது அப்லேஷன். நுரையீரலிலிருந்து இடது மேல் அறைக்கு வரும் ரத்தக்குழாய்களின் வாயில்தான் இந்தத் தப்புத் துடிப்புகள் பெரும்பாலும் பிறக்கின்றன என்று 1998-ல் பிரான்சின் போர்தோ நகரில் ஹைசகேர் என்ற டாக்டரின் குழு கண்டுபிடித்தது. தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாகக் கம்பியை உள்ளே செலுத்தி, அந்த வாய்களைச் சுற்றி வளையமாகத் தசையைச் சுட்டு, அல்லது உறைய வைத்து, மின்சாரம் தாண்ட முடியாதபடி செய்வதுதான் சிகிச்சை. சமீபமாக மின்புலத் துடிப்பாலும் செய்கிறார்கள். படபடப்பால் அவதிப்படுபவர்களுக்கு இது நல்ல சிகிச்சை, மாத்திரையைவிடத் தாளத்தை நன்றாகப் பிடித்து வைக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. வந்து வந்து போகும் வகையில் முக்கால்வாசிப் பேருக்குப் பலன் தெரியும். தொடர்ந்து பல மாதம், பல வருடம் நிலைத்துவிட்ட வகையில் பலன் குறைவு. சிலருக்கு இரண்டாம் முறை செய்ய வேண்டி வரும். செய்த முதல் மூன்று மாதத்துக்குள் படபடப்பு வந்தால் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, சுட்ட இடம் ஆறும் காலம் அது. இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்குவது நூற்றில் ஒருவருக்கு நடக்கலாம். உணவுக்குழாயில் ஓட்டை விழுவது மிக மிக அரிது, ஆனால் உயிரைக் குடிக்கும். செய்துகொண்ட சில வாரங்களில் காய்ச்சலோ விழுங்கும்போது வலியோ வந்தால் செய்த டாக்டருக்கே உடனே சொல்ல வேண்டும், எண்டோஸ்கோப்பி எடுக்க வேறு எங்கும் போய் உட்காரக் கூடாது.

ஆயுளைக் கூட்டுமா? இதய பலவீனம் உள்ளவர்களுக்குக் கூட்டுகிறது என்று 2018-ல் வந்த ஆய்வு காட்டியது. மற்றவர்களுக்கு 2019-ல் வந்த பெரிய ஆய்வில், யாருக்கு என்ன சிகிச்சை என்று பிரித்தபடியே கணக்கிட்டபோது, உயிர் பிழைப்பதில் வித்தியாசம் தெரியவில்லை, வாழ்க்கை சுகப்பட்டது மட்டும் தெளிவு. நோய் தெரிந்த முதல் வருடத்திலேயே தாளத்தைச் சரிப்படுத்த முனைந்தால் பக்கவாதமும் இதய மரணமும் குறைகின்றன என்று 2020-ல் ஜெர்மனியில் தொடங்கிய ஆய்வு சொன்னது. அதனால் அம்மாவின் விஷயத்தில் தாளத்தைத் திருப்பும் பேச்சை மூன்றாவது மாதத்தில் எடுத்தது சரியான நேரம்தான். கோவை டாக்டர் பேசியதில் குறை காண மாட்டேன். படபடப்பே இல்லாமல், மேடு ஏறி இறங்கி, மிளகுக்கொடி பார்த்துக்கொண்டு நடமாடுகிறார் என்றால் அவசரமும் இல்லை. இது அவரையும் உட்கார வைத்துப் பேசி எடுக்க வேண்டிய முடிவு.

ஆனால் உங்கள் அடிக்கேள்விக்கு அப்லேஷன் பதில் ஆகாது. செய்த பிறகு குறைந்தது இரண்டு மூன்று மாதம் எல்லோருமே உறைவுத் தடுப்பு மாத்திரை எடுக்க வேண்டும். அதன் பிறகும் நிறுத்துவதா என்பதை வழிகாட்டிகள் தாளத்தை வைத்து முடிவு செய்வதில்லை, மேலே சொன்ன மதிப்பெண்ணை வைத்தே முடிவு செய்கின்றன. காரணம், தாளம் இரவில் தூக்கத்தில் மாறினால் யாருக்கும் தெரியாது. அறிகுறி இல்லாமல் வந்து போகும் துடிப்பே அதிகம். அப்புறம் பிரஷரும் சர்க்கரையும் கெடுத்த அந்த மேல் அறை அப்லேஷனால் புதிதாகிவிடுவதில்லை. இங்கே ஒரு நியாயமான சந்தேகம் இப்போது கிளம்பியிருப்பதையும் சொல்ல வேண்டும். அப்லேஷன் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் துடிப்புக் கோளாறு திரும்பாத 840 பேரைத் தென்கொரியாவில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். 2025-ல் வெளியான முடிவில், நிறுத்தியவர்களுக்குப் பக்கவாதம் கூடவில்லை, ரத்தக்கசிவு குறைந்தது. அப்லேஷன் செய்துகொண்டவர்களை வைத்து அதே வருடம் வந்த இன்னொரு ஆய்விலும் ரிவராக்சபான் ஆஸ்பிரினைவிடத் தெளிவான பலன் காட்டவில்லை. ஆகவே இந்த வாசல் மூடியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆய்வுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மதிப்பெண் குறைந்தவர்கள், நன்றாகக் கண்காணிக்கப்பட்டவர்கள். சர்க்கரை, பிரஷர், வயது மூன்றும் சேர்ந்த அம்மா மாதிரி ஆளுக்கு அதை அப்படியே பொருத்த நான் தயாரில்லை. மாத்திரையை விடலாம் என்ற ஒரே நம்பிக்கையில் அப்லேஷனுக்குப் போகாதீர்கள். படபடப்புக்காகப் போங்கள்.

தாளத்தைத் திருப்ப வேறு வழிகளும் உண்டு. மயக்கம் கொடுத்து நெஞ்சில் ஒரு மின் அதிர்ச்சி தருவது ஒன்று. அதற்கு முன் மூன்று வாரம், பின் நாலு வாரம் உறைவுத் தடுப்பு மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. அமியோடரோன் என்ற மாத்திரை இன்னொன்று. பலமான மருந்து. ஒரு 200 மில்லிகிராம் மாத்திரையில் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம்தான் என்று பார்த்தால், தைராய்டு ஏன் கெடுகிறது என்று புரியும். நுரையீரல், ஈரல், கண் மூன்றையும் கவனிக்க வேண்டும். யாராவது அம்மாவுக்கு அதை எழுதினால் எத்தனை மாதத்துக்கு என்று கேளுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை தைராய்டும் ஈரலும் பாருங்கள். மேல் அறையின் பையை ஒரு சிறு கருவியால் அடைத்துவிடும் சிகிச்சையும் இருக்கிறது. உறைவுத் தடுப்பு மாத்திரையை எந்த விதத்திலும் எடுக்க முடியாதவர்களுக்கு அது. அம்மாவுக்கு இப்போது அந்தப் பேச்சு தேவையில்லை.

அண்ணன் அனுப்பிய டப்பாக்களுக்கு வருகிறேன். மீன் எண்ணெய் மாத்திரையைத் திருப்பி எடுத்து வையுங்கள். இதயத்துக்கு நல்லது என்று விற்கப்படும் இதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை அதிகப்படுத்துகிறது என்று பல பெரிய ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு கிராமுக்கு மேல் எடுத்தவர்களுக்கு வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. குறைந்த அளவிலும் கொஞ்சம் கூடுகிறது. குழம்பில் போடும் மத்தி, சங்கரா மீனுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது, தாராளமாகச் சாப்பிடட்டும். மெக்னீசியம் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. ரத்தத்தில் அது குறைந்திருந்தால், நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்களுக்கும் பேதி போகிறவர்களுக்கும் குறையும், ஈடுகட்டுவது நல்லது, துடிப்பு அமைதியாகும். அளவு சரியாக இருப்பவர் மாத்திரையாக விழுங்கினால் இந்த நோய் கட்டுப்படும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு உடம்பிலேயே சேர்ந்து ஆபத்தாகும். பரிசோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நம் பக்கத்துப் பொருள்களையும் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். ரசத்தில் பூண்டும் இஞ்சியும், குழம்பில் மஞ்சளும் சமையல் அளவில் ஒன்றும் செய்யாது. அதே மஞ்சளைச் சத்தாகப் பிரித்தெடுத்த குர்குமின் மாத்திரையும், பூண்டு மாத்திரையும், ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரையும் உறைவுத் தடுப்பு மருந்தோடு சேர்ந்தால் கசிவைக் கூட்டலாம், வேண்டாம். சளிக்கு அதிமதுரத்தைத் தினமும் வாயில் அடக்குவது பலரின் பழக்கம். அது பொட்டாசியத்தைக் குறைக்கும், பிரஷரை ஏற்றும். இரண்டும் அம்மாவின் இதயத்துக்குக் கெடுதல். மருதம்பட்டைக் கஷாயத்தை இதயத்துக்கு நம் ஊரில் நெடுங்காலமாகத் தருகிறார்கள். மார்வலிக்கு அதில் சில ஆய்வுகள் உண்டு, இந்தத் துடிப்புக் கோளாறுக்கு நம்பத் தகுந்த ஆய்வு இல்லை. குடித்தே ஆக வேண்டும் என்று இருப்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை, என்னிடம் மறைக்காதீர்கள் என்று மட்டும் கேட்பேன். முருங்கைக்கீரை, அகத்திக்கீரையை அபிக்சபான் எடுப்பவர் பயமில்லாமல் சாப்பிடலாம். வார்ஃபரின், அசிட்ரோம் எடுப்பவர்கள்தான் கீரையை வாரா வாரம் ஒரே அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களும் ஒரேயடியாக விட வேண்டியதில்லை.

காப்பியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், தோட்டத்துக் காப்பியை வாசம் மட்டும் பிடிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கொடுங்கள். 2025-ல் வெளியான ஒரு ஆய்வில், மின் அதிர்ச்சியால் தாளம் திருப்பப்பட்ட 200 பேரில் பாதிப் பேரைத் தினம் ஒரு கப் காப்பி குடிக்கவும் மீதிப் பேரை விட்டுவிடவும் சொன்னார்கள். காப்பி குடித்தவர்களுக்குத்தான் நோய் திரும்புவது குறைவாக இருந்தது. சின்ன ஆய்வு, காப்பியை மருந்தாக எழுதித் தர அது போதாது. ஆனால் பயத்தை எடுத்துவிடப் போதும். குடித்ததும் படபடப்பு வருகிறது என்று அவரே சொன்னால் மட்டும் குறைக்கலாம். சர்க்கரையைப் போடாமல் கொடுங்கள், அவ்வளவுதான்.

டப்பா மாத்திரைகளைவிடப் பலன் தரும் காரியங்கள் வேறு. பிரஷரைக் கட்டுக்குள் வைப்பது முதலில். பருமனானவர்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து நிலைநிறுத்தினால் துடிப்புக் கோளாறு வெகுவாகக் குறைகிறது என்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் காட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்கு அது பொருந்தாது, வீட்டில் வேறு யாருக்காவது பொருந்தலாம். குறட்டையும், தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அதற்குப் பரிசோதனை உண்டு, செய்யுங்கள். ஒல்லியானவர்களுக்கும் அது வரும். நடப்பது, தோட்ட வேலை பார்ப்பது எல்லாம் நல்லது. ஏற்காட்டின் உயரம் 1,500 மீட்டர்தான், அந்த உயரம் இந்த இதயத்தை ஒன்றும் செய்யாது, ஊரை விட்டுக் கீழே குடிவர வேண்டும் என்ற யோசனையே வேண்டாம்.

ஆனால் தூரத்துக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால், தண்ணீர் தெளித்து, கால் தேய்த்து, விடியட்டும் என்று இருக்கக் கூடாது. உடனே 108. சிடி ஸ்கேன் இல்லாத இடத்தில் நிறுத்தாமல் நேராகச் சேலத்துக்கு. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்த வசதி இருக்கிறது. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் நேரமும் அதற்குள் அடக்கம். அபிக்சபானைக் கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார் என்று போனதும் சொல்லுங்கள். சமீபத்தில் போட்டிருந்தால் அந்த ஊசி தர மாட்டார்கள், ஆனால் பெரிய குழாய் அடைப்பென்றால் கம்பி விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சைக்கு அது பெரும்பாலும் தடை இல்லை. மாத்திரையின் பெயர், அளவு, போடும் நேரம் மூன்றையும் தமிழில் ஒரு அட்டையில் எழுதி, ஒன்றை அம்மாவின் பர்ஸிலும் இன்னொன்றை வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் வையுங்கள்.

அடுத்த முறை இறங்கி வரும்போது எக்கோ, தைராய்டு, கிரியாட்டினின், பொட்டாசியம், மெக்னீசியம், ஹீமோகுளோபின் முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு இதய டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இப்போது இசிஜியில் தாளம் எப்படி இருக்கிறது, படபடப்பு திரும்பினால் அப்லேஷனுக்கு எப்போது போகலாம். எக்கோவில் மைட்ரல் வால்வு சுருக்கம் என்று இருந்தால் அபிக்சபான் பற்றி மேலே எழுதியது அம்மாவுக்குப் பொருந்தாது. அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து கைக்கு வரும்வரை இருப்பதை நிறுத்தாதீர்கள்.